கூலரைப் போர்த்திய சாக்கு

சோதனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் பதினொரு பேருக்கும் ஏதாவது எழுதித் தரச் சொல்லி, போன வாரம் பிரிவிலிருந்து இரண்டு பேர் ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். "நீங்க பண்ணின நல்ல வேலைகளைப் பத்தி எழுதுங்க மேடம்" என்றார்கள். நல்ல வேலைகளைப் பற்றி நம் ஆண்டு மலர்களில் எழுதியாகிவிட்டது, புகைப்படத்தோடு. நான் ஓய்வு பெற்று நான்கு வருடமாகிறது. நான் என்ன எழுதினாலும் இனி யாருடைய பதவி உயர்வும் நிற்காது, என்னுடையது உட்பட. அதனால் ஆண்டு மலரில் வராத ஒன்றை எழுதுகிறேன்.

நம் தொழிற்சாலை ஒரு காலத்தில் பனி வண்டி செய்தது என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. திருவெறும்பூரில் பெரிய தொழிற்சாலைகளுக்கு உதிரி பாகம் செய்துகொண்டிருந்த நடுத்தர யூனிட்தான் நாம். வடக்கே ஒரு மலைக் கணவாயில் சுரங்கப்பாதை தோண்டிக்கொண்டிருந்த ஒப்பந்த நிறுவனம் ஒன்று, குளிர்காலத்தில் ஆட்களையும் சாமான்களையும் ஏற்றி இறக்க ஆறு வண்டிகள் கேட்டது. டயர் கிடையாது, பொக்லைன் மாதிரி இரண்டு பக்கமும் சங்கிலிப் பட்டை. பனியைக் கண்ணால் பார்த்தவர்கள் எங்களில் இரண்டு பேர்கூட இல்லை. ஆனாலும் எடுத்துக்கொண்டோம்.

அந்த வண்டிக்கு ஸ்டியரிங் இல்லை. ஓட்டுநருக்கு முன்னால் இரண்டு லீவர். இடது லீவரை இழுத்தால், எஞ்சின் விசையை இரண்டு சங்கிலிக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் ஒரு பிரேக் பட்டை இடது பக்கத்தைப் பிடிக்கும், இடது சங்கிலி மெதுவாகும், வண்டி இடப்பக்கம் திரும்பும். வலதுக்கும் அப்படியே. இரண்டையும் சேர்த்து இழுத்தால் வண்டி நிற்கும். ஆக, திரும்புவது, நிற்பது எல்லாமே டிஃபரன்ஷியலுக்குள் நடக்கும் உரசல்தான். மலையிறக்கத்தில் ஓட்டுநர் லீவரை விடவே முடியாது. அந்தச் சூடு முழுவதும் உள்ளே இருக்கும் எண்ணெயில் இறங்கும். ஒரு பம்ப் அந்த எண்ணெயை உறிஞ்சி வண்டியின் முன்பக்கம் இருக்கும் கூலருக்கு அனுப்பும். கூலர் என்றால் மெல்லிய குழாய்கள் வரிசையாக அடுக்கிய ஒரு சட்டம். காற்றில் குளிர்ந்த எண்ணெய் வேறு குழாய் வழியாக டிஃபரன்ஷியலுக்குத் திரும்பும். இந்த ஏற்பாடு முழுவதும் என் பொறுப்பு.

மே மாத வெயிலில் திருவெறும்பூர் மைதானத்தில் மணலைக் குவித்து, மேடும் பள்ளமுமாக அடித்து, வண்டியை ஓட்டிப் பார்த்தோம். வெப்பம் எல்லைக்குள்ளேயே நின்றது. திருச்சி வெயிலில் சூடாகாத வண்டி பனியில் எப்படிச் சூடாகும் என்று கை தட்டினோம். எல்லோரையும்விட நான்தான் பலமாகத் தட்டினேன்.

வண்டிகளை அனுப்ப மூன்று நாள் இருக்கும்போது ஒரு சிக்கல் வந்தது. எண்ணெய்ச் சூட்டை அளக்கும் சென்சாரை டிஃபரன்ஷியலின் அடியில் பொருத்தியிருந்தோம். அந்த இடத்தில் கசிவு. மூன்று நாளில் டிஃபரன்ஷியலின் வெளிக்கூட்டை மாற்ற முடியாது. நான் சென்சாரை எடுத்து, கூலரிலிருந்து எண்ணெய் திரும்பி வரும் குழாயில் பொருத்திவிட்டேன். கசிவு நின்றது. கையெழுத்துக்காகப் பிரிவுத் தலைவரிடம் போனேன். அவர் அதிகம் பேசமாட்டார். வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எண்ணெய் ஓடலைன்னா இது என்னம்மா காட்டும்?" என்றார்.

"பம்ப் ஓடுதே சார். எண்ணெய் எப்படி ஓடாம இருக்கும்?" என்றேன்.

அந்தக் கூடத்தில் இருந்த ஒரே பெண் பொறியாளர் நான். பதில் தெரியாது என்று சொல்வதற்கு எனக்கு உரிமை இல்லை என்று ஒரு நினைப்பு எப்போதும் இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தால் போதும். பட்டென்று பதில் சொன்னேன். அவர் இன்னொரு கேள்வி கேட்பார் போல நிமிர்ந்தார். கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்த இன்னொரு கேள்வியை அவர்தான் கேட்டிருக்க வேண்டும் என்று பல வருடம் மனதுக்குள் அவரைக் குறை சொல்லியிருக்கிறேன். அது எவ்வளவு மலிவான சமாதானம் என்று இப்போது தெரிகிறது.

அந்த வருட மார்கழியில் சவரிமுத்து என்னைப் பார்க்க வந்தார்.

வைகுண்ட ஏகாதசிக் கூட்டம். ஸ்ரீரங்கத்திலிருந்து பாலம் தாண்டவே எனக்கு ஒரு மணி நேரமாகியிருந்தது. பதினொன்றரைக்கு ஒப்பந்த நிறுவனத்தின் ஆய்வுக் குழு வருகிறது. இரண்டாவதாகக் கேட்டிருந்த ஆறு வண்டிகளை அவர்கள் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். அவசரமாக உள்ளே நுழைந்தபோது வரவேற்பறையில் ஒருவர் காத்திருப்பதாகச் சொன்னார்கள். ஒன்பது மணிக்கே வந்துவிட்டாராம். நாற்பது வயதிருக்கும். குளிரில் தோல் உரிந்து கருத்த கன்னங்கள். மடியில் ஒரு ஒயர் கூடை.

"வணக்கம் மேடம். சவரிமுத்துங்க. புள்ளம்பாடி. மேல கேம்ப்ல உங்க மூணாம் நம்பர் வண்டி நாந்தான் ஓட்டுறேன். கிறிஸ்மஸுக்கு லீவுல வந்தேன். வண்டியப் பத்தி ஒரு விஷயம், போன்ல சொன்னா சரியா வராது, நேர்ல சொல்லிட்டுப் போயிடலாம்னு வந்தேங்க."

"சொல்லுங்க. ஆனா எனக்குப் பத்து நிமிஷம்தான் இருக்கு" என்றேன். உட்காரவில்லை. நான் உட்காராததால் அவரும் எழுந்து நின்றார்.

"இறக்கத்துல டிப்ரன்சல் சூடாவுதுங்க. கருகுன வாசன வருது. லீவரு பிடிமானம் கொறையுது."

"மீட்டர் என்ன காட்டுது?"

"பச்சையிலதான் நிக்குது."

"அப்ப சூடாகலைன்னுதானே அர்த்தம்?"

"இல்லீங்க மேடம். எறங்கிப்போய்க் கைய வச்சுப் பாத்தேன். டிப்ரன்சல் பக்கத்துல கையக் கொண்டுபோக முடியல. ஆனா முன்னாடி இருக்கற கூலரு ஐஸ் மாதிரி இருக்கு. அதான் எனக்குப் புரியல."

நான் சிரித்தேன். நன்றாக நினைவிருக்கிறது, சிரித்தேன். "கூலர் சில்லுன்னு இருந்தா நல்லதுதானே? அதுக்குத்தானே வச்சிருக்கோம்."

அவரும் மரியாதைக்குச் சிரித்தார். பிறகு கொஞ்சம் தயங்கி, "நான் ஒண்ணு செஞ்சு பாத்தேன் மேடம். கூலருக்கு முன்னாடி ஒரு சாக்கக் கட்டினேன், உருளைக்கிழங்கு வந்த கோணி. காத்து நேரா அடிக்காம இருக்கட்டும்னு. கட்டுனதுலேருந்து வாசன வரல. லீவரும் நல்லாப் பிடிக்குது."

"சாக்கா? கூலர் மேலயா?"

"பாதிக்குத்தாங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் கூலரின் மேல் ஒருவர் உருளைக்கிழங்கு சாக்கைக் கட்டியிருக்கிறார். இன்னும் அரை மணி நேரத்தில் ஆய்வுக் குழு வருகிறது. இது அவர்கள் காதில் விழுந்தால் என்ன ஆகும்? வரவேற்பு மேசையிலிருந்த ஒரு காகிதத்தை எடுத்து, எண்ணெய் எப்படிப் போகிறது, காற்று எப்படி அதைக் குளிர்விக்கிறது என்று படம் போட்டுக் காட்டினேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னேன்.

"காத்த மறிச்சா சூடு ஏறும். குறையாது. லீவரை விடாம பிடிச்சுக்கிட்டே ஓட்டுறீங்க, அதான் வாசனை. விட்டு விட்டு இழுங்க. முதல்ல அந்தச் சாக்கை எடுங்க."

"பதினெட்டு வருஷமா டோசர் ஓட்டுறேன் மேடம். விட்டு விட்டுத்தான் இழுக்கறேன்" என்றார். குரல் உயரவில்லை. கூடையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்தார். உள்ளே கறுப்பாக எண்ணெய். "சாக்கு கட்டுறதுக்கு முன்னாடி எடுத்ததுங்க. இதக் கொஞ்சம் பாருங்க. வாசன பிடிச்சாலே தெரியும்."

"வச்சிட்டுப் போங்க, லேப்ல குடுத்துடறேன்."

அவர் பாட்டிலை மேசையில் வைத்தார். கிளம்பும்போது திரும்பி, "நெசமாவே எடுத்துடவா மேடம்?" என்று கேட்டார்.

"எடுத்துடுங்க."

"நீங்க சொன்னா சரிங்க. போயிட்டு வரேன்."

பாட்டில் என் மேசைக்கடியில் போயிற்று. லேபுக்குப் போகவே இல்லை. அன்று மாலையே, கூலரின் மேல் எந்த மறைப்பும் கட்டக்கூடாது என்று கேம்ப்புக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினேன். ஆய்வுக் குழு திருப்தியாகத் திரும்பிப் போனது. நல்ல நாள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

பிப்ரவரியில் விபத்து நடந்தது. காலை வேளை. சவரிமுத்து நான்கு பேரை ஏற்றிக்கொண்டு கணவாயிலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தார். காய்ச்சல் கண்ட தொழிலாளர்கள் இரண்டு பேர், ஒரு சமையல்காரர், ஒரு எலக்ட்ரீஷியன். மற்ற வண்டிகள் கேம்ப்பைச் சுற்றிச் சமதளத்தில் ஓடுபவை. அந்த நீண்ட இறக்கம் மூன்றாம் நம்பர் வண்டிக்கு மட்டும்தான். பாதி வழியில் இடது லீவர் மொத்தமாகத் தளர்ந்துவிட்டது. வலதில் கொஞ்சம் பிடி மிச்சமிருந்தது. இரண்டையும் சேர்த்து இழுத்தும் வண்டி நிற்கவில்லை. இடப்பக்கம் பள்ளம், வலப்பக்கம் மலை. மிச்சமிருந்த பிடியை வைத்து வண்டியை மலைப்பக்கம் திருப்பிப் பாறையில் மோதினார். பின்னால் இருந்த நான்கு பேருக்கும் சிராய்ப்பு, ஒருவருக்குத் தோள் எலும்பு முறிவு, அவ்வளவுதான். மோதியது ஓட்டுநர் உட்காரும் பக்கம். நசுங்கிய தகட்டுக்குள் அவருடைய வலது கால் மாட்டிக்கொண்டது. அந்தக் குளிரில் அவரை வெளியே எடுக்கச் சில மணி நேரம் ஆனது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது.

ஒப்பந்த நிறுவனத்திலிருந்து எங்களுக்கு ஒரே கேள்விதான் வந்தது. கோளாறு வண்டியிலா, ஓட்டியவரிடமா? மறுநாள் பிற்பகலுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். அடுத்த ஆறு வண்டிகள் டிரெய்லர்களில் ஏற்றப்பட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தன. அவர்கள் அனுப்பியிருந்த தாள்களில் விபத்து நடந்த காலை வரைக்குமான மீட்டர் அளவுகள் இருந்தன. அரை மணிக்கு ஒருமுறை சவரிமுத்து தன் கையால் குறித்தவை. எல்லாமே பச்சை. அவர் நேர்மையாகக் குறித்து வைத்ததை வைத்தே அவர்மேல் குற்றம் எழுதினேன். "எண்ணெயின் வெப்பம் இயல்பாக இருந்துள்ளது. லீவரைத் தொடர்ந்து பிடித்து இயக்கியதால் பிரேக் பட்டைகள் கருகியிருக்க வாய்ப்பு உள்ளது."

"வாய்ப்பு உள்ளது" என்று எழுதியதில் அன்று எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. பொய் எழுதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மேலே போகப்போக அந்த இரண்டு வார்த்தைகள் உதிர்ந்துவிட்டன. ஓட்டுநரின் கவனக்குறைவு என்று அவருடைய பணிப்பதிவில் எழுதி, அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அவர் மார்கழியில் வந்து சொன்னதை நான் அந்தக் கடிதத்தில் குறிப்பிடவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் நம்பாதீர்கள். நன்றாக நினைவிருந்தது.

ஏப்ரலில் உடைந்த வண்டி தொழிற்சாலைக்குத் திரும்பி வந்தது. டிஃபரன்ஷியலை நானே முன்னால் நின்று பிரிக்கச் சொன்னேன். உள்ளே எண்ணெய் தார் மாதிரி இருந்தது. பட்டைகள் கருகிப்போய், விரல் பட்டால் உதிர்ந்தன. பிறகு கூலரைக் கழற்றி ஒரு தட்டில் கவிழ்த்தோம். அதிலிருந்து வழிந்த எண்ணெயைப் பார்த்து, பக்கத்தில் நின்ற ஃபிட்டர், "என்னங்க மேடம் இது, புது எண்ணெய் மாதிரி இருக்கு?" என்றார்.

தேன் நிறம். விபத்துக்கு முதல் நாள் எண்ணெய் மாற்றியதாகக் கேம்ப் குறிப்பில் இருந்தது. சூடான கொட்டகைக்குள் ஊற்றிய புது எண்ணெய், காலையில் வெளியே வந்ததும் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்து டிகிரிக் காற்றில் கூலரின் மெல்லிய குழாய்களுக்குள் இறுகிவிட்டது. பம்ப் தள்ளிப் பார்த்திருக்கிறது, போகவில்லை. அழுத்தம் ஏறினால் திறக்கும் வால்வு திறந்து, எண்ணெய் டிஃபரன்ஷியலுக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சுற்றியிருக்கிறது, கொஞ்சமும் குளிராமல். சென்சார் இருந்த குழாயில் எண்ணெய் வரவே இல்லை. அது குளிர்ந்த குழாயை அளந்து பச்சை காட்டிக்கொண்டிருந்தது. சாக்கு இருந்தவரை கூலர் அந்த அளவுக்கு உறையவில்லை, எண்ணெய் ஓடியது. அதை எடுக்கச் சொன்னது நான்.

மார்கழியில் எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து போகும். தினமும் காலையில் வெயிலில் வைத்து எடுத்துத்தான் தலைக்குத் தேய்த்துக்கொள்வேன். சவரிமுத்து வந்த அன்றும் அப்படித்தான் செய்துவிட்டு வேலைக்கு வந்திருந்தேன்.

மேசைக்கடியில் தேடினேன். பாட்டில் அங்கேயே இருந்தது. மூடியைத் திறந்தேன். அவர் சொன்னது போல, முகர்ந்தாலே தெரிந்தது.

தட்டில் இருந்த எண்ணெயையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. "டிராயிங்கை மாத்துங்க. எல்லா வண்டியிலயும் மாத்திடுவோம். பழைய லெட்டரை இப்பத் தொட வேண்டாம். முந்நூறு பேர் வேலை பார்க்கிற இடம்மா இது" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் என்னை மிரட்டவில்லை. கட்டாயப்படுத்தவும் இல்லை. அவர் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது.

சென்சாரை டிஃபரன்ஷியலுக்குள்ளேயே வைத்தேன். கூலருக்கு எண்ணெய் போவதைச் சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் ஒரு வால்வு சேர்த்தேன். கூலரின் முன்பாதியை மறைக்க, ஏற்றி இறக்கக்கூடிய தடித்த கான்வாஸ் திரை ஒன்றும் வைத்தேன். அடுத்த குளிர்காலத்தில் எந்த வண்டியும் கருகவில்லை. அந்தத் திரைக்காக எனக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். ஆண்டு மலரில் அந்தப் படம் இருக்கிறது. பத்திரத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்பேன்.

மூன்று வருடம் அப்படியே போயிற்று. வேலை நிறைய இருந்தது, அதுவும் ஒரு சாக்கு. புள்ளம்பாடிக்குப் போக வேண்டும் என்று பல ஞாயிற்றுக்கிழமைகள் நினைத்திருக்கிறேன். லால்குடி வழியாக பஸ் பிடித்தால் ஒன்றரை மணி நேரம். போகவில்லை.

பிறகு ஒருநாள், மலைக் கேம்ப்புக்குப் போகவிருந்த புதிய ஓட்டுநர்கள் எட்டுப் பேர் பயிற்சிக்காக நம்மிடம் வந்தார்கள். டிஃபரன்ஷியல் பற்றி நான் வகுப்பு எடுத்தேன். ஒப்பந்த நிறுவனம் அவர்களுக்கென்று அச்சடித்த கையேடு ஒன்றை ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். முன் வரிசையில் இருந்த ஒருவர் கையைத் தூக்கினார். துறையூர்க்காரர்.

"மேடம், இதுல ஒருத்தரப் பத்திப் போட்டிருக்காங்களே, லீவரப் பிடிச்சே வண்டியக் கெடுத்தாருன்னு. எங்க சூப்பர்வைசர்கூட, சவரிமுத்து மாதிரி ஓட்டாதீங்கடான்னுதான் எப்பவும் சொல்வாரு. அவரு சரியா என்ன தப்பு பண்ணாரு மேடம்?"

கையேட்டை வாங்கிப் பார்த்தேன். ஓட்டுநர் செய்யக்கூடாதவை என்ற தலைப்பின் கீழே சவரிமுத்துவின் பெயரும், வண்டி எண்ணும், நான் எழுதிய வாக்கியமும் இருந்தன. எட்டுப் பேர் குறிப்பெடுக்கத் தயாராகப் பேனாவோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"அவர் ஒரு தப்பும் பண்ணல" என்றேன். தேநீர் இடைவேளை என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அன்று மாலை வீட்டில் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று வருடத்தில் முதல்முறை. அவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். முழுவதையும் கேட்டுவிட்டு, "எங்கிட்டகூட மறைச்சு வச்சுண்டு இருந்திருக்கே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, நாளைக்கு ஆபீஸுக்குப் போய் என்ன எழுதப் போறே?" என்று கேட்டார். நான் என்ன செய்யப்போகிறேன் என்று கேட்காமல் என்ன எழுதப்போகிறேன் என்று கேட்டதுதான் என்னை நகர்த்தியது.

மறுநாள் மேலாளரிடம் சொல்லிவிட்டு, ஒப்பந்த நிறுவனத்துக்கு எழுதினேன். என் முந்தைய கருத்து தவறு, கோளாறு வடிவமைப்பில் இருந்தது, ஓட்டுநர் முன்கூட்டியே எச்சரித்தார், அவர் செய்த தற்காலிக ஏற்பாடுதான் சரியானது என்று. மேலாளர் தடுக்கவில்லை. மூன்று வருடம் முன்பு கேட்டிருந்தாலும் தடுத்திருக்க மாட்டாரோ என்னவோ. நான் கேட்கவே இல்லை. முதல் கடிதத்துக்குக் கோப்பு முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. இரண்டாவதுக்குப் பதிலே வரவில்லை. ஐந்தாவது கடிதத்துக்குப் பிறகுதான் பணிப்பதிவிலிருந்த குறிப்பை நீக்கி, கையேட்டிலும் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு, ஒரு கடிதம் அனுப்பினார்கள். அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு புள்ளம்பாடிக்கு பஸ் ஏறினேன்.

ஓட்டு வீடு. முன்புறக் கொட்டகையில் சவரிமுத்து விவசாயிகளின் மருந்து தெளிப்பான்களைப் பிரித்துப் போட்டு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். செயற்கைக் காலைப் பக்கத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அதை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லி, அவருக்கு எதிரே இருந்த பலகையில் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து அவர் மனைவி ரீத்தாமேரி வந்தார். அங்கன்வாடியில் வேலை பார்ப்பவர். நான் யார் என்று சவரிமுத்து சொன்னதும் அந்த அம்மாவின் முகம் இறுகியது. ஆனாலும் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

கூலரில் இருந்த தேன் நிற எண்ணெயிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். சவரிமுத்து குறுக்கிடாமல் கேட்டார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப சாக்கு கட்டுனது சரிதானா மேடம்?"

"சரிதான்."

"எனக்குத் தெரியும்" என்றார். கையிலிருந்த வாஷரை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார். "தெரிஞ்சும் எடுத்தேன் பாருங்க. அதான் எனக்கு ஆறல. பின்னாடி நாலு பேரு உக்காந்திருந்தாங்க. படிச்சவங்க சொல்றாங்களேன்னு எடுத்துட்டேன்."

அது உங்கள் தவறில்லை என்று சொன்னேன். அவர் தலையசைத்தார், ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

ரீத்தாமேரிதான் பேசினார். "கால் போனதுகூடப் பரவாயில்லைங்க. அதுக்கப்புறம் லால்குடியில ரெண்டு எடத்துல வண்டி வேலை கேட்டாரு. செயற்கைக் கால வச்சுக்கிட்டே டிராக்டர் நல்லா ஓட்டுவாருங்க. பழைய எடத்துல விசாரிச்சுட்டு, முடியாதுன்னு சொல்லிட்டாங்க. என் தம்பியே ஒருநாள், மாமா தூங்கிட்டாரோன்னு எங்கிட்டக் கேட்டான்."

நான் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் பிரித்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு" என்றார். மடித்து என்னிடமே நீட்டினார். "இத யாருகிட்டக் காட்ட? நீங்க தமிழ்ல எழுதித் தாங்க. என் தம்பி படிக்கணும். இந்தத் தெருவுல நாலு பேரு படிக்கணும்."

அங்கன்வாடி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். மடியில் வைத்து எழுதினேன். வண்டியில் இருந்த குறை என்ன, சவரிமுத்து அதை எப்படி முதலிலேயே கண்டுபிடித்தார், எப்படி நான்கு பேரைக் காப்பாற்றினார் என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். ரீத்தாமேரி அதைச் சத்தமாக வாசித்தார். கொட்டகைக்கு வெளியே தெளிப்பானோடு நின்ற ஒருவரும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசி வரி வரை வாசித்தார்.

"'ஓட்டுநர் மீது பழி விழும்படியான தவறு நேர்ந்துவிட்டது.'"

"அங்க நிறுத்து" என்றார் சவரிமுத்து. என்னைப் பார்த்தார். கோபம் இல்லாத பார்வை. "நேர்ந்துட்டதுன்னு போடாதீங்க மேடம். மழ பேஞ்ச மாதிரி இருக்கு. யாரு செஞ்சதுன்னு போடுங்க."

தாளை வாங்கினேன். முப்பது வருடமாக நேர்ந்தது, ஏற்பட்டது, காணப்பட்டது என்றே எழுதிப் பழகிய கை. அந்த வரியை அடித்துவிட்டு, அதன் கீழே எழுதினேன்: "நான் தவறு செய்தேன். அதை இவர் மீது போட்டேன்."

ரீத்தாமேரி அதையும் வாசித்தார். பிறகு தாளை நான்காக மடித்து உள்ளே கொண்டுபோனார். சவரிமுத்து தெளிப்பானை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். "அஞ்சே காலுக்கு ஒரு பஸ் இருக்குங்க மேடம்" என்றார். நான் எழுந்து நடந்தேன்.